வெர்னா சொன்ன இரண்டாவது வணக்கம்

வில்மோட் பள்ளிக்கூடத்தின் பதினோராம் எண் பஸ்ஸை முப்பத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறவள் வெர்னா ஹாக்ஸ்டாட். காலையில் அறுபத்து நாலு மைல், மாலையில் அறுபத்து நாலு மைல். மொன்டானாவின் நடுப்பகுதியில் பனிமூட்டம் இறங்கினால் சாலையும் வயலும் ஒன்றாகிவிடும். அதற்குள்ளும் ஓரமாக நிற்கிற மானை அது துள்ளுவதற்கு முன்பே பார்த்துவிடுகிற கண் அவளுக்கு. அந்தக் கண்ணுக்காகத்தான் தன்னார்வ விமானத் துணைப்படை அவளை விடாமல் வைத்திருந்தது.

உண்மையில் அதில் சேரப் போனது அவள் புருஷன். தனியாகப் போகக் கூச்சப்பட்டு இவளையும் இழுத்துக்கொண்டு போனான். மூன்றாவது கூட்டத்தோடு அவனுக்கு அலுத்துவிட்டது. அடுத்த வருஷம் கல்யாணமும் அலுத்துவிட்டது. வெர்னா மட்டும் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தவில்லை.

சம்பளம் கிடையாது. சீருடை கூடச் சொந்தக் காசு. கணக்கு வாத்தியார், மருந்துக்கடைக்காரர், கோதுமை விவசாயி என்று வாரம் முழுக்க வேறு வேலை பார்க்கிறவர்கள் சனிக்கிழமை கூடிப் பயிற்சி எடுப்பார்கள். வசந்தத்தில் ஆற்றில் பனிப்பாளம் அடைத்து வெள்ளம் ஏறினால் மேலிருந்து படமெடுத்துக் கொடுப்பார்கள். சாலை மூடிக் கிடக்கும் நாளில் சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கொண்டுபோவார்கள். யாராவது விமானத்தோடு தொலைந்துபோனால் தேடுவார்கள். பெட்ரோல் பங்க்கில் நிற்கிற ஆட்களுக்கு இதெல்லாம் வேடிக்கை. "என்ன வெர்னா, பஸ்ஸுக்கு றெக்கை மொளைச்சிருச்சா?" என்பார்கள். "உனக்கு மூளை மொளைக்கறதுக்குள்ள மொளைச்சிரும்" என்பாள் அவள்.

பதினோரு வருஷத்தில் நாற்பத்து மூன்று தேடல்கள். அவள் கண்ணில் பட்டவை மூன்று. மூன்றிலும் உயிர் இல்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

அந்த நவம்பரில் தொலைந்தது ரோலண்ட் ஸ்டென்சன், மாட்டு வைத்தியர். நான்கு மாவட்டத்துக்கு ஒரே வைத்தியர் என்பதால் பண்ணைக்குப் பண்ணை தன் சின்ன விமானத்தில்தான் போவார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மலைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணையில் ஒரு மாட்டின் வயிற்றை அறுத்துக் கன்றை வெளியே எடுத்துவிட்டுக் கிளம்பினார். இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. விழுந்தால் தானாகக் குரல் கொடுக்க அவர் விமானத்தில் இருந்த அவசர ஒலிபரப்பி பழைய வகை. அதன் குரலைச் செயற்கைக்கோள் கேட்பதை நிறுத்தி ஒரு வருஷம் கடந்துவிட்டது. மாற்றவேண்டும், மாற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

வியாழக்கிழமை மூன்றாவது நாள். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி குளிர். மாலையில் மேற்கிலிருந்து பெரிய புயல் வரப்போகிறது. அது வந்தால் நாலு நாளைக்கு எதுவும் பறக்க முடியாது. நாலு நாளைக்குப் பிறகு தேடப்போவது ரோலண்டை அல்ல, அவர் உடலை. இது எல்லோருக்கும் தெரியும்.

அன்று காலையில் வெர்னா பறந்த விமானத்தில் இரண்டே பேர். விமானி லைல் பிரெக்கி, எழுபத்தொரு வயது, வாழ்நாள் முழுக்கக் கோதுமை வயலுக்கு மருந்தடித்துப் பறந்தவர். அவருக்கு வலப்பக்கம் வெர்னா. பின்சீட்டில் உட்கார்ந்து இடப்பக்கம் பார்க்கவேண்டிய மருந்துக்கடை ஓட்டிஸுக்குக் காய்ச்சல். பார்ப்பதும் குறிப்பு எழுதுவதும் வெர்னா ஒருத்தி தலையில்.

மேலிருந்து பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. கண்ணை ஓடவிடக் கூடாது. ஒரு இடத்தில் நிறுத்தவேண்டும், பார்க்கவேண்டும், ஒரு கையகலம் நகர்த்தி மறுபடி நிறுத்தவேண்டும். ஓடுகிற கண் எதையும் பார்ப்பதில்லை. மூன்று நாளாக அப்படிப் பார்த்துப் பார்த்து அவள் கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் இருந்தது.

அந்த மலையில் ஏற்கெனவே ஒரு விமானம் கிடக்கிறது. எழுபத்து நாலில் விழுந்த வெள்ளை விமானம். இறக்கிக் கொண்டுவர முடியாத உயரம். தேடுகிறவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து ஏமாறக்கூடாது என்று பழைய சிதைவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்து, யாரோ ஏறிப்போய் இறக்கையில் மஞ்சள் சிலுவையும் போட்டுவைத்தார்கள். படையில் அதற்குக் 'கிழவர்' என்று பெயர். முதலில் பார்க்கிறவர் "வணக்கம் கிழவரே" என்று சொல்லவேண்டும். பார்க்கத் தவறியவர் அன்றைக்கு எல்லோருக்கும் ஆப்பிள் பை பலகாரம் வாங்கித் தரவேண்டும். பயிற்சி நாட்களில் புது ஆட்களுக்குக் காட்டுவதற்காக அதே சரிவை இன்னொரு முறை சுற்றி வருவார்கள். அதனால் ஒரே பறப்பில் இரண்டு முறை வணக்கம் சொல்லிப் பழகிய வாய் எல்லோருடையதும்.

அன்று காலை மலை முதுகை ஒட்டிக் கிழக்கே போகும்போது பைன் மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு துண்டு தெரிந்தது. வெர்னா வணக்கம் சொன்னாள். மலைக்கோடியில் மேகத்துக்குள் புகுந்து திரும்பி மேற்கே வரும்போது, ஒன்பது நிமிஷம் கழித்து, இன்னொரு வெள்ளைத் துண்டு. மேலே புதுப்பனி, மஞ்சள் எதுவும் இல்லை.

"என்னம்மா, ஏதாவது?" என்றார் லைல். காற்று தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. அவர் கண் கருவிகளைவிட்டு நகரவில்லை.

"கிழவருதான்" என்றாள். "வணக்கம் கிழவரே." குறிப்பில் இரண்டாவது கோடு போட்டாள். பத்து மணி ஏழு நிமிஷம்.

இறங்கியதும் படிவத்தில் 'எதுவும் தென்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். சுவரில் தொங்கிய வரைபடத்தில் அந்த மலை இருந்த கட்டத்தின்மேல் சிவப்பு விழுந்தது. முடிந்தது என்று அர்த்தம். மற்ற விமானங்களை வேறு கட்டங்களுக்கு அனுப்பினார்கள்.

மத்தியானம் இரண்டேகால். விமானக் கொட்டகையின் ஓரத்தில் ஒரு பெஞ்சு. ரோலண்டின் மனைவி மாரிட், தேடுகிறவர்களுக்காக மூன்று நாளாக அங்கேயே சமைத்துக்கொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளே சொன்னாள். காரமான பீன்ஸ் குழம்பு ஒரு கிண்ணம், பட்டைப்பொடி தூவிய இனிப்பு ரொட்டிச் சுருள் ஒன்று. வெர்னா கையில் கொடுத்துவிட்டு அருகில் உட்கார்ந்தாள்.

"சாப்பிடுங்க. மூணு நாளா நீங்க சாப்பிட்டு நான் பாக்கல."

"நீ சாப்பிட்டியா?"

"எறங்க மாட்டேங்குது." மாரிட் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சுக்காகப் பேசினாள். "ரோலண்ட் சொல்வாரு, அந்த மலையில ஏதோ பழைய விமானம் கெடக்குதாமே. அதைத் தாண்டிட்டா வீடு வந்துருச்சுன்னு அர்த்தம்னு. அது எந்தப் பக்கம் இருக்கு?"

"தெக்குச் சரிவுல. நாங்க கிழக்கே போறப்ப என் ஜன்னல் தெக்கே பாத்துட்டிருக்கும். அப்ப தெரியும்." வெர்னா கரண்டியாலேயே காட்டினாள். "திரும்பி வர்றப்பவும்…"

கரண்டி அப்படியே நின்றது.

திரும்பி வரும்போது அவள் ஜன்னல் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தது. இன்று அவர்கள் ஒரு சரிவை இரண்டு முறை சுற்றவில்லை. மலை முதுகுக்கு மேலேயே கிழக்கே போய், மேலேயே மேற்கே வந்தார்கள். ஒரே ஜன்னல், மலையின் இரண்டு முகங்கள். கிழவர் இரண்டு பக்கமும் கிடக்க முடியாது.

கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். குழம்பு சிந்தியது.

"என்ன?" என்றாள் மாரிட். "வெர்னா, என்ன? சொல்லுங்க."

வெர்னா எழுந்து வரைபடம் தொங்கிய சுவரை நோக்கி நடந்தாள்.

தேடலுக்குப் பொறுப்பு காரின் டூலி. பள்ளியில் கணக்கு டீச்சர். சின்ன வயதில் பதினோராம் எண் பஸ்ஸில் மூன்றாவது சீட். வரைபடத்துக்கு முன்னால் நின்று, தேடலை நிறுத்தும் அறிவிப்பை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"காரின். நான் தப்புப் பண்ணிட்டேன்."

"என்ன தப்பு?"

"வடக்குச் சரிவுல வெள்ளையா ஒண்ணு பாத்தேன். கிழவருன்னு நெனச்சு வணக்கம் சொல்லிட்டு வந்துட்டேன். பத்து ஏழுக்கு."

காரின் பேனாவை மூடினாள். குறிப்புத்தாளைத் தேடி எடுத்தாள். இரண்டு கோடுகளையும் பார்த்தாள். முகம் வெளிறியது.

"நாலு மணி நேரம்" என்றாள். "வெர்னா, அந்தக் கட்டத்தை மூடி நாலு மணி நேரமாச்சு. அஞ்சு விமானம் பறந்துச்சு. ஒண்ணைக்கூட நான் அங்க அனுப்பல. உங்க கையெழுத்தை நம்பித்தான் அனுப்பல."

"தெரியும்."

"ஒரு புது ஆளு பண்ணியிருந்தா பரவால்ல. நீங்க! உங்க கண்ணைக் காட்டித்தான் நான் எல்லாருக்கும் பாடமே எடுக்கறேன்."

"திட்டறதை அப்புறம் வச்சுக்க. இப்ப எங்களை அனுப்பு."

"காத்து எவ்வளவு தெரியுமா? மணிக்கு முப்பத்து மூணு மைல். முப்பத்தஞ்சைத் தாண்டுனா மலைக்குப் பக்கத்துல யாரும் போகக்கூடாது. ஒரு ஆளைத் தேடப்போய் மூணு பேரை நான் தொலைக்கணுமா?"

"இன்னும் ரெண்டு மைல் மிச்சமிருக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். லைல் கோட்டு மாட்டிக்கொண்டே வந்தார். "நான் என்ன உன்னை ஆடவா கூப்பிடறேன்? பறக்கத்தானே கேக்கறேன். பெட்ரோல் போட்டாச்சு."

மாரிட் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று யாருக்கும் தெரியாது. முழுக்கக் கேட்டுவிட்டாள் என்று வெர்னாவுக்கு மட்டும் தெரிந்தது.

காரின் டூலி கொட்டகை ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள், பிறகு மாரிட்டைப் பார்த்தாள். "முகட்டுக்குக் கீழ எறங்கக் கூடாது. முப்பத்தஞ்சுன்னு நான் சொன்னா எங்க இருந்தாலும் திரும்பணும்" என்றாள். ரேடியோவை எடுத்து, மலையடிவாரத்தில் பனிவண்டிகளோடு காத்திருந்த ஷெரீப்பின் போலீஸ் ஆட்களைக் காட்டுச் சாலையின் முனைக்கு நகரச் சொன்னாள்.

ஏறியதிலிருந்தே விமானம் தகர டப்பாவாக அடிபட்டது. வெர்னாவின் தலை இரண்டு முறை கூரையில் மோதியது. வாய்க்குள் புளித்த நீர் ஏறி ஏறி இறங்கியது. வாந்திப் பை எடுக்கக் குனிந்தால் நாலு விநாடி போய்விடும். குனியவில்லை, விழுங்கினாள்.

"பத்து ஏழுக்கு எங்க இருந்தோம்?"

"கருவியில பதிவு இருக்கு. ஆனா நீ எழுதுனது நிமிஷம் மட்டும்தான். அந்த ஒரு நிமிஷத்துல ரெண்டு மைல் பறந்திருப்போம்" என்றார் லைல். "அந்த ரெண்டு மைலுக்குள்ள எங்கேயோ."

மலை முதுகு தெரிந்தபோது ரேடியோ கரகரத்தது. காரினின் குரல். "முப்பத்தாறு."

லைலின் கைகள் திசைமாற்றியைப் பிடித்திருந்த பிடியில் கணுக்கள் வெளுத்திருந்தன. அவர் திருப்பிவிட்டால் அதைக் குற்றம் சொல்ல அவளுக்கு வாயில்லை. விதி அப்படி. மலையில் செத்து அந்த விதியை எழுதவைத்தவர்களின் பெயர்கள் தலைமையகச் சுவரில் வரிசையாக இருக்கின்றன.

"எங்க இருக்கீங்க?" என்றாள் காரின்.

"ரெண்டு நிமிஷத்துல வடக்குச் சரிவு" என்றார் லைல்.

ரேடியோவில் வெறும் இரைச்சல்.

"ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறமும் திரும்பலைன்னா உங்களையும் சேத்து நான்தான் தேடணும், ஞாபகம் இருக்கட்டும்."

லைல் மேற்கே திருப்பினார். எதிர்க்காற்றில் விமானம் ஊர்ந்தது. பறப்பதற்கு அது கெட்டது, பார்ப்பதற்கு நல்லது. வெர்னா கண்ணை நிறுத்தினாள், பார்த்தாள், நகர்த்தினாள். பனி. பைன். பாறை. பைன். பனி. மத்தியானம் மறுபடி பெய்திருந்தது. காலையில் பார்த்த வெள்ளை இப்போது வெள்ளைக்குள் வெள்ளை. ஒரு மைல் போய்விட்டது. ஒன்றுமில்லை. 'என் கண்ணே, பிச்சை போடு' என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். யாரிடம் கெஞ்சுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"முடியப்போகுது வெர்னா" என்றார் லைல். "பள்ளத்தாக்கு வாய் வந்துருச்சு."

அப்போது ஆரஞ்சு நிறம் பட்டது.

நவம்பரில் ஆரஞ்சு என்றால் வேட்டைக்காரன். மான் வேட்டைக் காலம் முழுக்க மலையில் ஆரஞ்சுச் சட்டை நடமாடும். வெர்னா ஒரு விநாடி அப்படித்தான் நினைத்தாள். காலையில் வாய் முந்தியதுபோல் இப்போதும் முந்தப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை அங்கேயே நிறுத்தினாள். வேட்டைக்காரன் பனியில் கூட்டல்குறிபோல் படுத்திருக்கமாட்டான். நாலு நீளமான துண்டுகள், குறுக்கும் நெடுக்குமாக, நுனியில் கல் வைத்து. மாட்டு வைத்தியர்கள் தோள்வரை மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கையுறைகள். பத்தடி தள்ளிப் பைனுக்குக் கீழே ஒடிந்த இறக்கை.

"லைல்! இங்க! இங்கதான்! அடையாளம் வைங்க!"

அவர் பொத்தானை அமுக்கினார். இடம் பதிந்தது. எண்களை வெர்னா ரேடியோவில் படித்தாள். குரல் உடைந்து இரண்டு முறை படிக்கவேண்டியிருந்தது.

"ஆளு தெரியுதா?" என்றாள் காரின்.

"தெரியல."

"அசைவு?"

"இல்ல."

காலையில் அந்தக் கையுறைகள் அங்கே இல்லை. இருந்திருந்தால் அவள் பார்த்திருப்பாள். அதில் மட்டும் சந்தேகமில்லை. பத்து ஏழுக்கு விமானச் சத்தம் கேட்டு, தலைக்கு மேலே போனதைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் மனிதர் தவழ்ந்து வந்து இதை விரித்திருக்கிறார். திரும்பி வருவார்கள் என்று நம்பி விரித்திருக்கிறார். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னொரு தடவை சுத்துங்க லைல். ஒரே தடவை. அசையறாரான்னு பாத்துட்டு…"

"முடியாதும்மா."

"லைல்!"

"எறங்க முடியாது, எதுவும் போடவும் முடியாது. நம்மளால ஆகறது ஆகிப்போச்சு." இறக்கையை இரண்டு முறை சாய்த்து ஆட்டினார். கீழே யாருக்காவது கண் திறந்திருந்தால் தெரியட்டும் என்று. பிறகு அவர்கள் அவரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

பனிவண்டிகள் போய்ச் சேர ஐம்பது நிமிஷம் பிடித்தது. கொட்டகையில் இருபது பேர் ரேடியோவைச் சுற்றி நின்றார்கள். இருமுவதற்குக்கூட எல்லோருக்கும் பயம். கடைசியில் மூச்சிரைக்க ஒரு குரல் வந்தது. "ஆளு இருக்காரு. நாடி இருக்கு, ரொம்ப மெதுவா. பேச்சு இல்ல. ரெண்டு காலும் முழங்கால்வரை ஒறஞ்சுபோயிருக்கு."

யாரோ கைதட்டப் போனார்கள். காரின் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்கள்.

ஹெலிகாப்டர் பறக்கமுடியாது. ஆம்புலன்சில் நூற்றிரண்டு மைல், பெரிய ஆஸ்பத்திரிக்கு. மாரிட் கார்ச் சாவியை எடுத்தாள். அது கீழே விழுந்தது. எடுத்தாள், மறுபடி விழுந்தது. புயலின் முதல் பனி ஓடுபாதையில் இறங்கிவிட்டது. அந்தச் சாலையை அந்தப் பனியில் ஓட்டத் தெரிந்தவர்கள் கொட்டகையில் ஒன்றிரண்டு பேர்தான். வெர்னா குனிந்து சாவியை எடுத்தாள்.

"நான் ஓட்டறேன்."

மாரிட் அவளையே பார்த்தாள். "காலைல அவரு தலைக்கு மேலயே பறந்தீங்களா?"

"ஆமா."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். வேற ஏதோன்னு நெனச்சுட்டேன்."

அறைவாள் என்று வெர்னா எதிர்பார்த்தாள். அறைந்திருந்தால் நன்றாகக்கூட இருந்திருக்கும். மாரிட் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "பேசாதீங்க. மன்னிப்பு கின்னிப்புன்னு எதுவும் கேக்காதீங்க. ஓட்டுங்க மட்டும்."

நெடுஞ்சாலைச் சந்திப்பில் காத்திருந்தார்கள். காட்டுச் சாலையிலிருந்து ஆம்புலன்ஸ் வந்து ஏறியது. வெர்னா பின்னால் சேர்ந்துகொண்டாள். பனி கிடைமட்டமாகப் பறந்தது. சாலை இல்லை, வயல் இல்லை. முன்னால் சுழல்கிற சிவப்பு விளக்கு மட்டும்.

அந்த ஊர்ப்பக்கத்து ஆம்புலன்ஸ்களின் வழக்கம் இருவருக்கும் தெரியும். உள்ளே உயிர் இருக்கிறவரை விளக்கு சுழலும், வண்டி விரையும். போய்விட்டால் விளக்கை அணைத்துவிட்டு நிதானமாகப் போவார்கள். அவசரம் எதற்கு?

"ரொம்பப் பக்கத்துல போகாதீங்க" என்றாள் மாரிட் ஒருமுறை. கொஞ்ச நேரம் கழித்து, "விட்டுறவும் விட்டுறாதீங்க."

நாற்பதாவது மைலில் விளக்கு காணாமல் போனது. மாரிட்டின் கை வெர்னாவின் முழங்கையைக் கவ்வியது. எலும்பு நொறுங்குகிற பிடி. வெர்னா மிதியை அழுத்தவில்லை, தூக்கவுமில்லை. கண்ணை ஒரே இடத்தில் நிறுத்தினாள். வளைவுதான். பனிக்குவியலுக்கு அப்பால் மறுபடி சிவப்பு தெரிந்தது.

"இருக்கா?" மாரிட் கண்ணை மூடியிருந்தாள். "என்னால பாக்க முடியல. நீங்க பாத்துச் சொல்லுங்க. இருக்கா?"

"இருக்கு."

"சரியாப் பாத்துச் சொல்லுங்க."

"சுத்துது மாரிட். சுத்திட்டுத்தான் இருக்கு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு மைலுக்கும் அவள் கேட்டாள், வெர்னா பார்த்துச் சொன்னாள். தொண்ணூறாவது மைலில் நகரத்தின் வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது. நூறாவது மைலில் ஆம்புலன்ஸ் சிக்னலில் நிற்காமல் குறுக்கே பாய்ந்தது. ஆஸ்பத்திரியின் சரிவுப்பாதையில் ஏறி, கதவுகள் திறந்து, ஆட்கள் ஓடிவந்தபோதும் விளக்கு சுழன்றுகொண்டிருந்தது.

மாரிட் கார் நிற்பதற்கு முன்பே இறங்கி ஓடினாள். வெர்னா இறங்கவில்லை. எஞ்சினை அணைக்கவுமில்லை. கண்ணாடியில் விழுந்து உருகுகிற பனிக்கு அப்பால், இன்னும் யாரும் அணைக்க வராத அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.